உயிரோடிருக்கும் மகளுக்குக் கருமாதி: பங்காளிகள் போகத்தான் வேண்டுமா?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பாவின் மகள், எனக்குத் தங்கை முறை, வேறு சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் குடியிருக்கிறாள். செய்தி ஊருக்குத் தெரிந்ததும் அவளுடைய கல்லூரிக் காலத்துப் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் ஒன்றைச் சித்தப்பா தெருமுனையில் கட்டினார். ஆற்றங்கரைக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். இப்போது பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடித்துப் பங்காளி வீடுகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பத்திரிகையில் அவள் பெயருக்கு முன்னால் "அமரர்" என்று இருக்கிறது.

பங்காளி வீட்டுக் காரியத்துக்குப் போகாமலிருந்தால் நாளை நம் வீட்டுக் காரியத்துக்கு யார் வருவார்கள் என்று என் தாயார் கேட்கிறார். போனால் செய்முறை, அதாவது மொய், எழுத வேண்டும். அந்த நோட்டில் என் பெயர் ஏறினால் அவள் இறந்துவிட்டாள் என்பதற்கு நானும் கையெழுத்திட்டதாகத்தான் பொருள். இதற்குச் சாத்திரத்தில் ஏதேனும் இடம் இருக்கிறதா, சட்டப்படி இதனால் அவளுக்கு என்ன இழப்பு நேரும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் வீட்டில் பேசுவதற்கு உதவியாக இருக்கும். சாதிப் பெயர்களை இங்கே யாரும் கேட்க வேண்டாம், நானும் சொல்லப் போவதில்லை.

காவிரிப்பித்தன் எழுதியது:

சாத்திரத்தில் இடம் இருக்கிறது. ஆனால் தங்கள் சித்தப்பா நினைத்துக்கொண்டிருக்கும் இடம் அதுவன்று. என் தகப்பனார் வைதிகத் தொழிலில் இருந்தவர் என்பதால் இந்த நூல்களோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

மனுஸ்மிருதியின் பதினொன்றாம் அத்தியாயத்தில், பெரும்பாவம் செய்து சாதியிலிருந்து விழுந்தவனுக்கு அவன் உயிரோடிருக்கும்போதே உறவினர்கள் நீர்க்கடன் கழிக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல நாளாக இல்லாத ஒரு நாளில், மாலை வேளையில், ஊருக்கு வெளியே, சுற்றத்தாரும் புரோகிதரும் ஆசிரியரும் கூடியிருக்க, நீர் நிறைந்த குடம் ஒன்றைப் பணிப்பெண் காலால் உதைத்துக் கவிழ்க்க வேண்டும். கூடியிருந்தவர்களுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தீட்டு. அதன் பிறகு அவனோடு பேச்சில்லை, ஒன்றாக உட்காருவதில்லை, சொத்தில் பங்கில்லை. குடத்தை உடைப்பதால் இதற்குக் கடஸ்போடம் என்று பெயர். கௌதம தர்மசூத்திரத்திலும் இதே சடங்கு இருக்கிறது. அங்கே கூடியிருப்பவர்கள் குடுமியை அவிழ்த்துவிட்டு, பூணூலை வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டு, இன்னாருக்கு இனி நீர் இல்லை என்று அவன் பெயரைச் சொல்லி நீரை விலக்குகிறார்கள்.

இங்கே இரண்டு செய்திகளைத் தங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லலாம். கௌதமர் அந்த அத்தியாயத்தைத் தொடங்கும்போது விலக்கத் தக்கவராகச் சொல்வது மகளையோ மகனையோ அன்று. இன்னின்ன குற்றங்களைச் செய்த தகப்பனை விலக்குக என்றுதான் அந்தப் பகுதி தொடங்குகிறது. மனுவோ, பெண்களுக்கும் இதே விதி என்று சொல்லிவிட்டு, அப்படி விலக்கப்பட்ட பெண்களுக்கு உடையும் உணவும் நீரும் கொடுத்து வீட்டின் அருகிலேயே குடியிருக்க வைக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்கிறார். அந்த நூலின் மற்ற விதிகளில் பலவற்றை நான் ஏற்பவன் அல்லன், அது வேறு பேச்சு. ஆனால் மனுவைவிடக் கடுமையாக நடந்துகொள்ளும் தகப்பன்மார் இந்தக் காலத்தில் இருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்னும் முக்கியமானது, திரும்பி வரும் வழி. விலக்கப்பட்டவன் பிராயச்சித்தம் செய்துவிட்டால், அதே உறவினர்கள் அவனோடு சேர்ந்து புனித நீர்நிலையில் குளித்து, நீர் நிறைந்த புதுக்குடம் ஒன்றை அந்நீரில் விட வேண்டும் என்று மனு சொல்கிறார். கௌதமர் பொற்குடத்தில் நீர் முகந்து அவனை நீராட்டச் சொல்கிறார். உடைக்க ஒரு குடம் இருந்தால், சேர்க்கவும் ஒரு குடம் இருந்தது. பிளக்ஸில் அப்படி ஏதும் இல்லை.

கிரேக்கர்களிடமும் இதற்கு இணையான வழக்கம் இருந்ததாகப் புளூட்டார்க் என்ற பழங்கால எழுத்தாளர் எழுதியிருக்கிறார். இறந்துவிட்டதாக எண்ணி ஈமக்கடன் செய்யப்பட்டவர் உயிரோடு திரும்பினால் அவர் தூய்மையற்றவராகவே கருதப்படுவார். பச்சிளங் குழந்தையைப் போல் அவரைக் கழுவி, துணியில் சுற்றி, பாலூட்டிய பிறகுதான் மற்றவர்களோடு சேர்ப்பார்கள். செத்தவர் திரும்பி வருவதென்றால் மீண்டும் பிறந்துதான் வர வேண்டும் என்ற கணக்கு அது.

ஊர்க்குருவி எழுதியது:

சாத்திரம் பேசுவது எளிது. எங்கள் பக்கத்து ஊர்களில் இப்படிக் கருமாதி செய்பவர்கள் யாரும் மனுவைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. அந்தத் தகப்பனின் இடத்தில் நின்று ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊரில் அவருக்கு நிலம் இருக்கிறது, கோயில் வரியில் பெயர் இருக்கிறது, அடுத்த பெண் திருமணத்துக்குக் காத்திருக்கலாம். பங்காளிகள் தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவரால் சொல்ல முடிந்த, இரத்தம் சிந்தாத பதில் இது ஒன்றுதான். "எனக்கு அவள் செத்துவிட்டாள், காரியமும் முடிந்தது, இனி அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் வாய்கள் மூடிக்கொள்ளும். அரிவாளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களோடு ஒப்பிட்டால், மொட்டை போட்டுக்கொண்டு ஆற்றில் முழுகுகிறவர் எவ்வளவோ மேல். தலைமுழுகுவது அவருடைய உரிமை. அழுது தீர்க்கவும் அவருக்கு ஒரு வழி வேண்டாமா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

ஊர்க்குருவி அவர்கள் சொன்னதில் ஒரு பாதியை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2006இல் லதா சிங் வழக்கின் தீர்ப்பில், பிள்ளைகளின் கலப்பு மணத்தை ஏற்க முடியாத பெற்றோர் அதிகபட்சமாகச் செய்யக்கூடியது அவர்களோடு உறவை முறித்துக்கொள்வதுதான் என்றும், மிரட்டவோ வன்முறையில் இறங்கவோ தூண்டவோ தொல்லை கொடுக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். ஆகவே மகளோடு பேசாமலிருப்பது குற்றமன்று. ஆனால் பேசாமலிருப்பதற்குப் பிளக்ஸும் பத்திரிகையும் தேவையில்லை. உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று அச்சடித்து ஊரெங்கும் கொடுப்பது அவருடைய நற்பெயருக்குக் கேடு விளைவிப்பதாக இருந்தால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு வழக்குக்கு இடம் உண்டு. அது அச்சுறுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டதாகக் காட்ட முடிந்தால் 351ஆம் பிரிவும் வரும். வழக்குப் போடச் சொல்லவில்லை. உரிமை என்று சொல்லப்படுவதன் எல்லை எது என்பதற்காகச் சொல்கிறேன்.

சொத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. காவிரிப்பித்தன் அவர்கள் சொன்ன பழைய கடஸ்போடத்துக்குச் சொத்துரிமையைப் பறிக்கும் வலிமை இருந்தது. அந்த வலிமையை 1850ஆம் ஆண்டின் சாதி இழப்பு நீக்கச் சட்டம் எடுத்துவிட்டது. மதம் மாறியதாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டதாலோ ஒருவருடைய வாரிசுரிமை குறையாது என்று அப்போதே எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989ஆம் ஆண்டில் வந்த திருத்தத்தால், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சித்தப்பா தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதி வேறு யாருக்கும் கொடுக்கலாம். மூதாதையர் சொத்தில் அவளுக்குள்ள பங்கைப் பதினாறு நாள் காரியமோ பதினாறு ஆண்டுக் காரியமோ தொட முடியாது.

சிக்கல் வேறிடத்தில் வரும். நாளை சித்தப்பா காலமானால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுப்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஊரில் விசாரிப்பார். ஊர் முழுவதும் கருமாதிச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறது. "அந்தப் பெண் அப்போதே போய்விட்டதே" என்று யாராவது சொன்னால், வாரிசுப் பட்டியலில் அவள் பெயர் விட்டுப்போகும். தெரிந்தே விடுபவர்களும் உண்டு, கேள்விப்பட்டதை நம்பி விடுபவர்களும் உண்டு. பிறகு அவள் உரிமையியல் நீதிமன்றத்துக்கு வந்து, தான் உயிரோடிருப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கட் மாவட்டத்தில் லால் பிகாரி என்பவருடைய நிலத்துக்காக, 1970களில் உறவினர் ஒருவர் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அவரை இறந்தவராக்கிவிட்டார். தாம் உயிரோடிருப்பதை ஏற்க வைக்க அவர் 1994 வரை போராடினார். பெயரோடு இறந்தவர் என்று பொருள்படும் "மிருதக்" என்பதைச் சேர்த்துக்கொண்டார், தேர்தலில் ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்றார், கவனத்தை ஈர்க்கத் தமக்குத் தாமே இறுதிச் சடங்கும் நடத்தினார். ஒரு மனிதரைக் காகிதத்தில் சாகடிக்க அதிகச் செலவு ஆவதில்லை, மீட்பதற்குத்தான் ஆகிறது.

பாரதப்புழை எழுதியது:

நான் பாலக்காட்டுத் தமிழன். எங்கள் பக்கம் இந்த வழக்கம் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நம்பூதிரி சமூகத்தில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தில் ஐயம் எழுந்தால் ஸ்மார்த்தவிசாரம் என்ற விசாரணை நடக்கும். விசாரணை தொடங்கிய நாள் முதல் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். "சாதனம்" என்றுதான் சொல்வார்கள். குற்றம் உறுதியானால் தேகவிச்சேதம், அதாவது உறவினர்கள் அவளுக்கு ஈமக்கடன் செய்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சுத்தபோஜனம்: விசாரணையில் இருந்தவர்களெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அவள் வீட்டின் வாயில் கட்டடமான படிப்புரைக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள்.

1905இல் கொச்சி இராச்சியத்தில் குறியேடத்து தாத்ரி என்ற பெண்ணுக்கு நடந்த விசாரணைதான் இவற்றில் புகழ்பெற்றது. தன்னைக் குற்றவாளியாக்கிய அதே விதியின்படி, தன்னோடு உறவு கொண்டிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்களையும் அவர்களுடைய உடல் அடையாளங்களையும் அவள் சொன்னாள். அவர்களுள் வேதம் ஓதியவர்களும் கலைஞர்களும் இருந்தார்கள். கதகளிக் கலைஞரான காவுங்கல் சங்கரப் பணிக்கரும் ஒருவர். வழக்கத்துக்கு மாறாக ஆண்களுக்கும் எதிர்வாதம் செய்ய அரசர் வாய்ப்பளித்தார். ஆயினும் அவர்களும் விலக்கப்பட்டார்கள். ஈமக்கடனை ஒரு பெண்ணுக்கு மட்டும் செய்துகொண்டிருந்தவரையில் அது சமூகத்துக்கு எளிதாக இருந்தது. ஒரே அடியில் இத்தனை இல்லங்கள் இழவு வீடுகளானபோதுதான் அந்த முறையின் மேல் பலருக்கும் வெறுப்பு வந்தது.

வைகைக்கரையான் அவர்களே, அங்கே விருந்து ஏன் சடங்கின் ஒரு பகுதியாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் தீர்ப்பில் பங்கேற்றவர்களாகிறார்கள்.

கோதையாறு எழுதியது:

ஊர்க்குருவி அவர்கள் தகப்பனின் இடத்தில் நின்று பார்க்கச் சொன்னார். நான் இறந்தவளின் இடத்தில் நின்று எழுதுகிறேன், எனக்கு என் வீட்டில் காரியம் செய்து முடித்துவிட்டார்கள். ஊரையும் ஆண்டையும் சொல்ல விரும்பவில்லை.

என் தகப்பனாருக்கு அது அழுவதற்கான வழியாக இருந்ததா என்று நானும் பல காலம் யோசித்திருக்கிறேன். இருந்திருக்கலாம். ஆனால் அழுகிறவர் ஆண்டுத் திதி கொடுப்பார். என் பாட்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் திதி கொடுக்கும் வீடு எங்களுடையது. எனக்குப் பதினாறாம் நாளோடு சரி. தலைத் திவசம் இல்லை, அமாவாசைத் தர்ப்பணத்தில் என் பெயரும் இல்லை. ஊர் பார்க்கும் சடங்குகளையெல்லாம் செய்தார்கள். வீட்டுக்குள் தனியாகச் செய்ய வேண்டிய எதையும் செய்யவில்லை. துக்கத்துக்காகச் செய்திருந்தால் இது நேர்மாறாக இருந்திருக்கும்.

காரியம் ஒரு நாளில் முடிந்துவிடும் என்று போகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது முடிவதில்லை. கூடத்தில் என் படத்துக்கு மாலை போட்டு, சிவப்பு விளக்கு ஒன்றை எரியவிட்டிருக்கிறார்கள். அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் பெரியவளாகி ஒருநாள் என்னைத் தொலைபேசியில் கண்டுபிடித்து அழைத்தபோது, அந்தக் குழந்தையின் குரலில் மகிழ்ச்சியைவிட அச்சம்தான் மிகுதியாக இருந்தது. என் தாயார் பக்கத்து வீட்டுக் கைபேசியிலிருந்து பேசுவார். பேசும்போது என் பெயரைச் சொல்ல மாட்டார், யாரோ வேலைக்காரப் பெண்ணோடு பேசுவது போலப் பேசுவார். அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனை வாசல்வரை போனேன். உள்ளே போனால் இத்தனை நாள் அவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தது பொய்யாகிவிடும் என்பதால் தடுத்துவிட்டார்கள்.

ஊர்க்குருவி அவர்கள் இதை இரத்தம் சிந்தாத வழி என்றார். என் அனுபவத்தில் இது இரத்தத்தை ஒத்திவைக்கும் வழி. காரியம் முடிந்தவளுக்கு எது நேர்ந்தாலும் கேட்க ஆளில்லை என்று நான்கு பேருக்குச் சொல்லியாயிற்று. அவர்களில் ஒருவன் கெட்டவனாக இருந்தால் போதும். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் பக்கத்தில் நடந்த சாதி ஆணவக் கொலைக்குப் பிறகு, நான் கூட்டமான இடங்களில் நிற்கும்போது சுவரை ஒட்டி நிற்கக் கற்றுக்கொண்டேன்.

ஊர்க்குருவி எழுதியது:

அம்மா, திதியைப் பற்றித் தாங்கள் சொன்னதை நான் யோசித்ததில்லை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் ஊரின் நெருக்குதல் பொய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதைப் பற்றி வேறொன்று எழுத வேண்டியிருக்கிறது, சற்று யோசித்து எழுதுகிறேன்.

வன்னிமகள் எழுதியது:

நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவள். இந்த இழையை வாசித்தபோது எங்களுடைய நிலைமை இதற்கு நேரெதிராக இருப்பதை எண்ணிக்கொண்டேன். உயிரோடு இருப்பதாகத் தெரிந்த பிள்ளைக்கு உங்களிடத்தில் காரியம் செய்கிறார்கள். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத பிள்ளைக்குக் காரியம் செய்ய மாட்டோம் என்று எங்களுடைய தாய்மார் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போர் முடிந்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளும்படி 2010ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் தற்காலிகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. காணி உறுதி மாற்றவும் வங்கிப் பணம் எடுக்கவும் உதவித்தொகை பெறவும் அந்தச் சான்றிதழ் வேண்டியிருந்தது. ஆனாலும் பலர் அதை வாங்கவில்லை. இராணுவத்திடம் கையால் பிடித்து ஒப்படைத்த பிள்ளையைச் செத்துவிட்டான் என்று தாங்களே எழுதிக் கொடுத்தால், பிறகு அவன் எங்கே என்று யாரிடம் கேட்பது? 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகுதான், இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வந்தது. அதையும் எல்லோரும் ஏற்கவில்லை. 2017ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தில் இருந்தவர்களுள் எத்தனையோ பேர், பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அந்தத் தாய்மாருக்கு அவரவர் வீட்டில் அந்தியேட்டி, அதாவது உங்கள் கருமாதி போன்ற காரியம், நடக்கிறது. அவர்கள் தேடிய பிள்ளைக்கு இன்னும் இல்லை.

தகப்பன் ஒருவர் தன் மகள் இருக்கும் முகவரி தெரிந்திருந்தும் இதைச் செய்கிறார் என்று எங்களூர் அம்மா ஒருவரிடம் சொன்னால், அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது.

அருணைவாசி எழுதியது:

இந்தச் சடங்கையே முழுவதும் கெட்டது என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்ல விரும்புகிறேன். துறவு பூணுகிறவர் தமக்குத் தாமே ஈமக்கடன் செய்துகொள்கிறார். முன்னோர்களுக்குச் செய்யும் சிராத்தங்களின் வரிசையில் கடைசியாகத் தமக்கும் பிண்டம் வைத்து, விரஜா ஹோமம் முடித்து, குடுமியையும் பூணூலையும் களைந்துவிட்டுத்தான் காவியை வாங்குகிறார். அவர் பின்னாளில் மறைந்தால் அவரை எரிப்பதில்லை, சமாதி வைப்பார்கள். இந்துச் சட்டமும் முறைப்படி துறவு கொண்டவரை உலக வாழ்விலிருந்து இறந்தவராகவே கருதி, அவருடைய சொத்தை வாரிசுகளுக்குக் கொடுத்துவிடுகிறது. கயையில் ஜனார்தனர் கோயிலில், பின்னால் செய்ய ஆளில்லாதவர்கள் உயிரோடிருக்கும்போதே தமக்கான பிண்டத்தைத் தாமே கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு.

இவையெல்லாம் ஒருவர் தம் கையால் தமக்குச் செய்துகொள்வன. குடத்தைச் சுமப்பவரும் அதை உடைப்பவரும் ஒருவரே. இறந்தவராக ஆகும் ஆளின் சம்மதத்தைக் கேட்காமல் மற்றவர்கள் செய்யும்போதுதான் இது தண்டனையாகிறது. மந்திரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

தோக்கியோத் தமிழன் எழுதியது:

அருணைவாசி அவர்கள் சொன்னதற்குச் சமயச் சார்பில்லாத எடுத்துக்காட்டு ஒன்று இங்கே ஜப்பானில் உண்டு. செய்சென்சோ என்று சொல்வார்கள். உயிரோடிருக்கும்போதே தமக்கு இறுதி விடைபெறும் நிகழ்ச்சியை நடத்திக்கொள்வது. நடிகை மிசுனோயே தாகிகோ 1993இல் நடத்தியபோது பரவலாகப் பேசப்பட்டது. கொமாட்சு நிறுவனத்தின் முன்னாள் தலைவர் அன்சாகி சதோரு, தமக்குப் புற்றுநோய் இருப்பதையும், வாழ்நாளை நீட்டிக்கும் சிகிச்சைகளை விரும்பவில்லை என்பதையும் 2017 நவம்பரில் நாளிதழில் விளம்பரமாகவே கொடுத்து, நன்றி சொல்ல விரும்புகிறேன் வாருங்கள் என்று அழைத்தார். டிசம்பர் 11 அன்று தோக்கியோ விடுதி ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடினார்கள். அவர் சக்கர நாற்காலியில் மேசை மேசையாகப் போய்க் கைகுலுக்கினார். மறு ஆண்டு மே மாதத்தில் காலமானார்.

தென்கொரியாவின் சியோல் நகரில் ஹியோவொன் என்ற மையம் 2012 முதல் இதை இலவசமாக நடத்துகிறது. கோடித் துணி உடுத்தி, உயில் எழுதி, பத்து நிமிடம் மூடிய பெட்டிக்குள் படுத்துவிட்டு எழுந்து வருவார்கள். பல்லாயிரம் பேர், இளைஞர்கள் உட்பட, போயிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை. பெட்டியைத் திறந்துவிடுவார்கள் என்று தெரிந்து படுப்பது என்ன படுப்பு என்று தோன்றுகிறது. ஆனால் திறந்துவிடுகிறார்கள் என்பதுதான் இங்கே பேசும் காரியத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு.

ஊர்க்குருவி எழுதியது:

நான் எழுதுவதாகச் சொன்னது இது. ஊரின் நெருக்குதலால்தான் இது நடக்கிறது என்றால், ஊர் முறையைக் கொண்டே இதை நிறுத்தவும் முடியும். சட்டமும் சாத்திரமும் பேசினால் சித்தப்பாவுக்கு வீம்புதான் மிகும். எங்கள் பக்கம் ஒரு பெண்ணுக்குக் காரியம் என்றால் தாய்மாமன் கோடி, அதாவது புதுத் துணி, வர வேண்டும். தாய்மாமன் கோடி போடாத கருமாதியை ஊரே குறையாகப் பேசும்; கருமாதி செய்ததைவிட அந்தக் குறை பெரிதாகிவிடும். அவளுடைய தாய்மாமன் ஒருவர் மட்டும், "என் மருமகள் உயிரோடிருக்கிறாள், நான் கோடி எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டால், பந்தல்காரனுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்குவதைத் தவிர சித்தப்பாவுக்கு வழியில்லை. பங்காளியான தாங்கள் போகாமலிருப்பது பகையாகத் தெரியும். மாமன் வராமலிருப்பது முறையாகத் தெரியும். அதில் சித்தப்பாவுக்கும் ஒரு வசதி உண்டு: நான் செய்யத்தான் நினைத்தேன், மச்சினன் கெடுத்துவிட்டான் என்று திண்ணையில் வந்து உட்காருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

வைகைக்கரையான் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. கோதையாறு அவர்கள் எழுதியதை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். திதி பற்றிய பகுதியில் நிறுத்தச் சொன்னார், அதன் பிறகு காரியத்துக்குப் போகும்படி என்னிடம் சொல்லவில்லை.

ஊர்க்குருவி அவர்கள் சொன்ன வழி எனக்குத் தோன்றவே இல்லை. விசாரித்துப் பார்த்ததில், கம்பத்தில் இருக்கும் தாய்மாமனுக்குப் பத்திரிகை இன்னும் போய்ச் சேரவில்லையாம். சேர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்ட சித்தியே அதைப் பெட்டியில் வைத்திருக்கிறார். மாமாவைப் பார்க்க நாளைக் காலைப் பேருந்தில் போகிறேன். அவர் முன்கோபி, ஆனால் அவளைத் தூக்கி வளர்த்தவர்.

கறுப்புக்கோட்டு ஐயாவிடம் ஒரு கேள்வி: காரியம் நின்றாலும் நடந்தாலும், அவளுக்காக இப்போது செய்து வைக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

கறுப்புக்கோட்டு எழுதியது:

உண்டு. பத்திரிகையின் ஒரு படியையும், எடுத்த நாள் தெரியும்படி பிளக்ஸின் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். படம் எடுப்பது சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. குடும்ப அட்டையிலிருந்து அவள் பெயரை நீக்கப் போகிறார்கள் என்றால் திருமணமாகிப் போனதைக் காரணமாகக் காட்டியே நீக்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் இறப்பு என்று பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவளையும் கணவர் வீட்டு முகவரிக்கு ஆதாரையும் வாக்காளர் அடையாள அட்டையையும் உடனே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழின் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்று வாங்கி, ஒன்றைத் தாங்கள் வைத்துக்கொள்வது நல்லது. மிரட்டல் ஏதும் வந்திருந்தால், 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கும்படி ஆணையிட்டு, பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் பரிசீலிக்கச் சொல்லியிருப்பதைச் சொல்லி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் அவளும் கணவரும் சேர்ந்து எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளட்டும். கம்பம் போய் வந்ததும் மாமா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள்.